மேடமும் நலேடியும் ஒரே பெட்டியில்

ஹாரிஸ்மித்,
5 ஜூன் 2023

மரியாதைக்குரிய மாங்வேன்யா அம்மாவுக்கு,

உங்கள் மகன் வுகானிக்குப் பெண் கொடுத்த தெஃபோ மொக்கேலே எழுதுவது. கல்யாணத்தன்று உங்கள் முற்றத்தில் வார்த்தை தடித்துப்போனதற்குப் பிறகு நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. "இனிமே ஏதாச்சும் இருந்தா எழுதி அனுப்புங்க, உங்க குரலைக் கேட்டா எனக்கு பிரஷர் ஏறுது" என்று சொன்னது நீங்கள்தான். பெண் கேட்டு உங்கள் வீட்டார் வந்ததே முதலில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டுத்தானே. சண்டையும் முறைப்படி கடிதத்திலேயே நடக்கட்டும். தபாலை நம்பினால் இது இனிமேல் பிறக்கப்போகிற நம் பேரன் கைக்குத்தான் போய்ச் சேரும். அதனால் நம் இரண்டு ஊருக்கும் ஓடுகிற முசாவின் டாக்ஸியில், பல்லித் தீனிக்கான மாவுப்புழு டப்பாவோடு அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் கொரியாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனபோது தங்கள் சிறுத்தைப் பல்லிகளை உங்களிடம் விட்டுப்போனார்கள். வுகானியுடையது மேடம். என் மகள் டினேயோவுடையது நலேடி. இரண்டும் பெண். ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டி. இரண்டு பெட்டிகளும் நான் வெட்டி ஒட்டியவை. நேற்று டினேயோ எனக்கு ஒரு படம் அனுப்பினாள். நீங்கள் அவளுக்கு அனுப்பிய படம். இரண்டும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. நலேடியின் முதுகில் மேடம் ஏறிப் படுத்திருக்கிறது. கீழே, "நம்ம பிள்ளைங்க மாதிரியே இதுங்களும். பிரிக்க முடியாத பாசம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ அழகா இருக்கு!" என்றாள். நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் காகிதத்தைத் தேடினேன்.

அம்மா, அது பாசம் இல்லை. பெட்டியில் சூடான இடம் ஒன்றுதான். அந்த இடத்துக்காக மேலே இருப்பது கீழே இருப்பதை அமுக்குகிறது. இந்தப் பல்லிகள் தனியாக வாழப் பிறந்தவை. கூட்டாளி இல்லை என்று அவை ஏங்கியதாக நான் கண்டதில்லை. ஹாரிஸ்மித்தில் ஜன்னல் கண்ணாடி வெட்ட நாலு பேர் இருக்கிறோம். பல்லிக்கும் பாம்புக்கும் பெட்டி கட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். உங்கள் மகனே முதலில் பெட்டி கேட்டுத்தான் வந்தான், பிறகுதான் பெண் கேட்டான். ஆகவே நான் சொல்வதைக் கேளுங்கள். இன்றே பிரித்துவிடுங்கள்.

இன்னொரு பெட்டி எங்கே போயிற்று?

தெஃபோ மொக்கேலே


நியூகாசில்,
10 ஜூன் 2023

மொக்கேலே ஐயாவுக்கு,

புழு வந்தது. கடிதமும் வந்தது. "அம்மா, ரெண்டும் ஒரே பையில இருக்கு. எது ஜாஸ்தி நெளியுதுன்னு நீங்கதான் பாத்து சொல்லணும்" என்று முசா இளித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனான். ஊர் முழுக்க நம் சண்டை தெரிந்திருக்கிறது.

என்னமோ நான் கழுத்தை நெரித்துக்கொண்டிருப்பதைப் போல எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஒரு நாளைக்கு மூன்று தடவை கரண்ட் போகிறது. குளிர்கால யூனிஃபார்ம் கேட்டு மூன்று பள்ளிக்கூடம் என் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. என் ஆறு தையல் மெஷினில் இரண்டையும் ஒரு விளக்கையும் இன்வெர்ட்டரில் போட்டது போக மிச்சம் ஒரு பிளக்தான். பெட்டிக்கு அடியில் போடுகிற சூட்டுப் பாய் ஒன்றுக்குத்தான் இடம். ஒன்று சூட்டில் இருக்க இன்னொன்று பனியில் விறைக்கட்டுமா? அதனால்தான் சேர்த்து வைத்தேன். புத்தியுள்ள யாரும் அதைத்தான் செய்வார்கள்.

இரண்டும் பொம்பளை என்று நீங்களே எழுதுகிறீர்கள். இரண்டு பொம்பளைகள் ஒரு வீட்டில் இருக்க முடியாதா? நான் என் மாமியாரோடு இரண்டே அறை வீட்டில் பதினொரு வருஷம் இருந்தேன். செத்தா போய்விட்டேன்? பிள்ளைகள் பிப்ரவரியில் திரும்பி வந்து தங்குவதற்கென்று என் வீட்டை ஒட்டி ஒரு பெரிய அறை கட்டி முடித்துவிட்டேன். என் சமையலறையிலிருந்து நேரே அதற்குள் போகலாம். ஒரே கூரை, ஒரே அடுப்பு. நியூகாசிலில் எந்த விதவை தன் சம்பாத்தியத்தில் இப்படிக் கட்டியிருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் இன்னொரு பெட்டி வீணாகப் போகவில்லை. அதில் ஜிப் உருளைகளை அடுக்கி வைத்திருக்கிறேன். தூசி படாமல் இருக்கின்றன. நல்ல பெட்டிதான்.

கடைசியாக ஒன்று. நலேடியைத் திருப்பிக் கேட்கலாம் என்று நினைப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். பெண் தன் மாமியார் வீட்டாருக்குப் பாயும் போர்வையும் பரிசாகப் போடுகிற நாளில், டினேயோ அந்தப் பெட்டியையும் பாய்களுக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தாள். என் நாத்தனார் அலறிக்கொண்டு ஓடியது உண்மை. "எங்க வீட்ல இதை வெளக்குமாத்தால அடிப்போம்" என்று நான் சொன்னதும் உண்மை. "எங்க வீட்ல சில விருந்தாளிகளை விட்டுட்டு இதுக்குத்தான் நாற்காலி போடுவோம்" என்று நீங்கள் சொன்னது மட்டும் பொய்யா? அன்று பயந்தவள் இன்று அதைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பெண்ணோடு வந்தது பெண் போன வீட்டில்தான் இருக்கும்.

கொம்பிசிலே ஷெசி


ஹாரிஸ்மித்,
14 ஜூன் 2023

மாங்வேன்யா அம்மாவுக்கு,

என் பெட்டியில் ஜிப்பா? அதன் மூலைகளை நான் மூன்று முறை தேய்த்து மழுக்கினேன், குட்டியின் தோல் கிழியக்கூடாது என்று. என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ ஆரம்பிச்ச சண்டை, நீயே எழுது" என்று பேனாவையும் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிளக் ஒன்றுதான் என்கிறீர்கள். சூட்டுப் பாய் ஒரு பல்பு தின்கிற கரண்டைக்கூடத் தின்னாது. கடையில் மல்டிபிளக் என்று ஒன்று விற்கிறது. ஆறு தையல் மெஷின் வைத்து வியாபாரம் பண்ணுகிற அம்மாவுக்கு இது தெரியாது என்று நான் நம்ப வேண்டுமா?

நான் சொல்வதை நம்ப வேண்டாம். நீங்களே பாருங்கள். எப்போதும் மேலே படுப்பது யார்? புழு போட்டால் முதலில் வருவது யார்? சூட்டுப் பக்கம் யார் இருக்கிறது, குளிர்ந்த மூலையில் யார் ஒண்டியிருக்கிறது? முக்கியமாக வாலைப் பாருங்கள். இந்தப் பல்லிக்குக் கொழுப்பு சேருவது வாலில்தான். வால் மெலிந்தால் உயிர் மெலிகிறது என்று அர்த்தம். மேடம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதற்கு நல்லது கெட்டது தெரியாது. இடம் ஒன்றே ஒன்று என்றால் இரண்டில் பலமானது எடுத்துக்கொள்ளும், மற்றது சத்தம் போடாமல் செத்துப்போகும்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன், முடியவில்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதை டினேயோவிடம் கேட்டீர்களா?

நலேடியைப் பிரிக்க உங்களுக்கு மனமில்லை என்றால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துக்கொண்டு போகிறேன்.

தெஃபோ மொக்கேலே


நியூகாசில்,
19 ஜூன் 2023

மொக்கேலே ஐயாவுக்கு,

நீங்கள் வர வேண்டாம். வந்தால் கேட்டைத் திறக்க மாட்டேன்.

நான் எதையும் ஒத்துக்கொண்டு இதை எழுதவில்லை. நான் தையல்காரி. யார் என்ன சொன்னாலும் அளந்து பார்த்துத்தான் நம்புவேன். இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டின் வாலையும் அளந்தேன். மேடத்தின் வால் என் கட்டைவிரல் தடிமன். நலேடியின் வால் பென்சில். படங்களை எடுத்துப் பார்த்தேன். வாராவாரம் கொரியாவுக்கு அனுப்பியதெல்லாம் போனில் இருக்கிறது. ஒன்றில்கூட நலேடி மேலே இல்லை.

பிறகு புழு போட்டுவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நலேடி ஒரு அடி எடுத்து வைத்தது. மேடம் தலையைத் திருப்பிப் பார்த்தது. அடிக்கவில்லை, கடிக்கவில்லை ஐயா, திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். நலேடி எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைத்துக்கொண்டு போய் மூலையில் படுத்துவிட்டது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பாப் களிப் பானையிலிருந்து நான் இரண்டாவது கரண்டி எடுக்கும்போது என் மாமியார் அப்படித்தான் பார்ப்பார். பதினொரு வருஷம் நான் ஒரு கரண்டிதான் சாப்பிட்டேன்.

பெட்டிக்கு நடுவில் கெட்டி அட்டை வைத்துத் தடுத்திருக்கிறேன். இது நீங்கள் சொன்னதற்காக இல்லை. எனக்கே தோன்றியது.

டினேயோவிடம் நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? மகன் வீட்டில் மருமகள் இருப்பாள். போர்வை போர்த்திக்கொண்டு மலைமேல் இருக்கிற உங்கள் ஆட்கள் எப்படியோ, எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். உங்களிடம் அவள் ஏதாவது சொல்லியிருந்தால் மூடி மறைக்காமல் எழுதுங்கள்.

கொம்பிசிலே ஷெசி


ஹாரிஸ்மித்,
23 ஜூன் 2023

மாங்வேன்யா அம்மாவுக்கு,

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் பல்லி வளர்த்துப் பார்த்திருக்கிறேன். இஞ்ச் டேப்பால் வாலை அளந்தவர் நீங்கள் ஒருவர்தான். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாங்வேன்யா என்று பிறந்த வீட்டுப் பேரிலேயே முதலையை வைத்துக்கொண்டு பல்லிக்குப் பயந்தீர்களே என்று அன்றைக்கு எனக்குச் சிரிப்பாக இருந்தது. இன்றைக்கு அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அட்டை வேண்டாம். அட்டையை ஒரே தள்ளில் தள்ளிவிடும். அதோடு, சூட்டுப் பக்கம் ஒருத்திக்கும் குளிர்ந்த பக்கம் ஒருத்திக்கும் போய்விடும். இரண்டு பேருக்கும் சூடும் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும், இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடமும் வேண்டும். ஆகவே என் பெட்டியிலிருந்து ஜிப்பைக் காலி செய்யுங்கள். மல்டிபிளக்கும் இன்னொரு சூட்டுப் பாயும் முசாவிடம் கொடுத்திருக்கிறேன். கரண்ட் நீண்ட நேரம் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒரு துணி தொங்கட்டும். ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே இருக்கவும் கூடாது.

டினேயோ என்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்கள். அவள் உங்கள் மருமகள். உங்களிடம் சொல்ல வேண்டியதை நான் சுமந்துகொண்டு வந்து கொட்டினால், அவளுக்கு வாய் இல்லை என்று ஆகிவிடும். வாய் வைத்துத்தான் வளர்த்திருக்கிறேன். நீங்களே கேளுங்கள்.

தெஃபோ மொக்கேலே


நியூகாசில்,
30 ஜூன் 2023

ஐயா,

நலேடியின் வால் போய்விட்டது.

கிறுக்கலுக்கு மன்னியுங்கள். முசா மத்தியானம் கிளம்புகிறான், அதற்குள் எழுத வேண்டும். ஜிப்பைக் காலி செய்து பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டேன். ஆனால் நேற்று வியாழக்கிழமை, சர்ச் ஜெபக்கூட்டம் என் வீட்டில். எங்கள் பெண்கள் சிவப்புச் சட்டையும் வெள்ளைக் காலருமாக வந்து உட்கார்ந்தார்கள். ஸ்கோன் ரொட்டியும் இஞ்சிப் பானமும் கொடுத்தேன். "பல்லி வளர்க்கிறாளாமே, பழங்கதையில மனுஷனுக்குச் சாவுன்னு கடவுள்கிட்டேருந்து சேதி கொண்டாந்தது பல்லிதானேம்மா?" என்று மாந்துலி ஆரம்பித்தாள். எனக்குச் சுருக்கென்றது. "அந்தப் பல்லி வேற. இது வெளிநாட்டுப் பல்லி, இதுக்கு நம்ம சுலு பாஷையே தெரியாது, என்ன சேதிய சொல்லும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டையும் எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில், வெள்ளை விரிப்பின்மேல், பக்கத்தில் பக்கத்தில் விட்டேன். "பாருங்க, மாமியாரும் மருமகளும்" என்று வேறு சொன்னேன்.

மேடம் வாலைத் தூக்கி மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டியது. "ஐயோ, கை காட்டுது பாரு!" என்று மாந்துலி கைதட்டினாள். ஒருத்தி பாட்டே எடுத்துவிட்டாள். பாட்டின் முதல் அடி முடியவில்லை. மேடம் பாய்ந்து நலேடியின் வாலின் அடியைக் கவ்விவிட்டது. நலேடி வாலை உதறிவிட்டு என் மடியில் வந்து விழுந்தது. அறுந்த வால் மட்டும் தனியாக மேஜைமேல் துள்ளிக்கொண்டிருந்தது. ஸ்கோன் தட்டில் போய் விழுந்தது. கர்த்தரின் பெண்கள் நாற்காலி ஏறி ஓடினார்கள். மாந்துலியின் ஒரு செருப்பு இன்னும் இங்கேதான் கிடக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் அழுதேன் ஐயா. என் கணவர் செத்தபோதுகூட ஆட்கள் முன்னால் அழாதவள்.

பிளக் வெறும் சாக்கு என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும். என் மகனுடையதும் உங்கள் மகளுடையதும் ஒன்றாகப் படுத்திருப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

அவளைத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ரத்தம் கொஞ்சம்தான். பிழைப்பாளா? அவளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றால் வாருங்கள். கேட்டைத் திறக்கிறேன்.

கொம்பிசிலே


ஹாரிஸ்மித்,
1 ஜூலை 2023

சம்பந்தியம்மாவுக்கு,

முசாவைக் கடை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். வண்டிக்குள் இருக்கிறவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

பிழைப்பாள். வாலை உதறுவது சாவதற்கு இல்லை, தப்பிப்பதற்கு. பெட்டியில் மணல், மரச்சுருள் எதுவும் வேண்டாம். சமையலறைக் காகிதத் துண்டு விரியுங்கள், தினமும் மாற்றுங்கள். காயத்தில் எதையும் தடவ வேண்டாம், சுண்டுவிரலால்கூடத் தொட வேண்டாம். சூடு குறையக் கூடாது. சேமித்து வைத்ததெல்லாம் வாலோடு போய்விட்டது, அதனால் தினமும் சாப்பாடு கொடுங்கள். புழுவைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிக் கொடுங்கள், பொடி டப்பாவோடு இருக்கிறது. காயம் சிவந்து வீங்கினால் யோசிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். புது வால் முளைக்கும். பழைய மாதிரி இருக்காது, ஆனால் முளைக்கும்.

வந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்று எழுதினேன். இப்போது நீங்களே கூப்பிட்டும் நான் வரவில்லை. நலேடி உங்கள் கையிலேயே தேறட்டும். வால் போன பல்லியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்த ஆள் நீங்கள். அந்தக் கையை விட்டு அவளைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் மோஷோஷோ ராஜாவின் ஜனம், உங்கள் சுலு ஜனம் என்றெல்லாம் கல்யாணத்தன்று மேஜை தட்டிப் பேசினேன். இன்று பேச மாட்டேன்.

டினேயோவுக்கு நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

மேடத்தைத் திட்டாதீர்கள்.

தெஃபோ


நியூகாசில்,
28 ஆகஸ்ட் 2023

சம்பந்தி மொக்கேலே அவர்களுக்கு,

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். அது வால்தான். முள்ளங்கி இல்லை.

வழவழவென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல், குட்டையாக, கொழுத்து நிற்கிறது. பார்க்க நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. ஆனால் அளந்து பார்த்தேன், இப்போது மேடத்தின் வாலைவிடத் தடிமன். புழு போட்டால் நலேடி ஓடி வருகிறாள். திரும்பிப் பார்க்க அங்கே யாரும் இல்லை. மேடமும் தன் பெட்டியில் ராணி மாதிரி கால் நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. நடுவில் பள்ளிக்கூட டவுசர் துணியில் ஒரு திரை தைத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் சமாதானம். மாந்துலி செருப்பை எடுக்க வந்தவள் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு எனக்கும் கெடைக்குமா?" என்று கேட்டாள். "கெடைக்கும். ரெண்டு கேட்டா கெடைக்காது" என்றேன்.

டினேயோவிடம் சம்பவம் நடந்த வாரமே சொல்லிவிட்டேன். உங்களுக்கு எழுதவில்லை, ஏனென்றால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் நடந்தது. வால் போனதைச் சொன்னதும் அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு, "விடுங்கம்மா, வளரும்" என்று என்னைத் தேற்றினாள். அப்போதே கேட்டுவிட்டேன். "பிப்ரவரியில வந்து என்கூட ஒரே வீட்ல இருப்பியா டினேயோ?"

  அவள் சொன்னாள். "அம்மா, எனக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும். கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். அதனாலதான் வேண்டாங்கிறேன்."

மூன்று நாள் எனக்குக் கோபம். நான்காம் நாள் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது யோசித்தேன். நான் என் மாமியாருக்கு இப்படி ஒரு பதில் சொல்லியிருக்க முடியுமா? வாயைத் திறந்திருக்க மாட்டேன். திறந்திருந்தால், கடைசி வரை அவரை எனக்குப் பிடித்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் மகளை வாய் வைத்து வளர்த்ததாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். நல்ல வாய்.

அந்த அறையை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கொம்பிசிலே


ஹாரிஸ்மித்,
4 செப்டம்பர் 2023

சம்பந்தியம்மாவுக்கு,

படத்தைக் கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டிவிட்டேன். வருகிறவர்கள் கேட்கிறார்கள், "என்ன மொக்கேலே, இது வாலா, கிழங்கா?" நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறேன், "எங்க சம்பந்தியம்மா வளர்த்த வால். அவங்க தையல்காரி. அளவு தப்பாது." நேற்று ப்ளூம்ஃபோன்டெய்னிலிருந்து வந்த ஒருவன், இரண்டு குட்டியை ஒரே பெட்டியில் போட வேண்டும், பெரிதாகக் கட்டிக்கொடு என்றான். உங்கள் மேஜையில் நடந்த கதையை முழுசாகச் சொன்னேன், செருப்பு உள்பட. இரண்டு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனான்.

டினேயோ என்னிடமும் பேசினாள். "அப்பா, வுகானியோட அம்மா திட்டவே இல்லப்பா" என்று மட்டும் சொன்னாள். அப்படிச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையை உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அறை உங்களுடையது. உங்கள் உழைப்பு. அதை என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணாடி தேவைப்பட்டால் மட்டும் எழுதுங்கள்.

தெஃபோ


நியூகாசில்,
20 நவம்பர் 2023

சம்பந்தி அவர்களுக்கு,

கண்ணாடி தேவைப்படுகிறது.

அந்த அறைக்குத் தெருவைப் பார்த்து வைத்த புது வாசல் கதவின் மேல்பாதிக்கு. அளவு தனித் தாளில் எழுதியிருக்கிறேன், ஒரு நூல்கூடப் பிசகாது. வெளிச்சம் வர வேண்டும், ஆனால் தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியக் கூடாது. அப்படிப்பட்ட கண்ணாடி உங்களிடம் இருக்கும். நியூகாசில் கடைகளில் கேட்காமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். நீங்களே கொண்டுவந்து பொருத்துங்கள். உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாற்காலி போடுகிறேன், பல்லிக்கு அல்ல.

என் சமையலறையிலிருந்து அந்த அறைக்குப் போகும் வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். அடைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசிச் செங்கலை நானே எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கம் இப்போது தனி அடுப்பு, தனிக் குழாய், தனி மீட்டர், தனி வாசல். அறை இல்லை இனிமேல், வீடு. வியாழக்கிழமை கூட்டத்தில் ஒருத்தி, "மருமக வர்றதுக்கு முன்னாடியே சுவரா கொம்பிசிலே? உன்ன ஒதுக்கிட்டாளா?" என்று நாக்கைச் சப்புக்கொட்டினாள். "ஒதுக்கல. என் பையனுக்கும் மருமகளுக்கும் நானே கட்டிக் கொடுத்த வீடு. இந்தத் தெருவுல உன் பையனுக்கு நீ எத்தன வீடு கட்டின?" என்றேன். அதற்கு மேல் அவள் ஸ்கோனைப் பற்றித்தான் பேசினாள்.

பல்லியைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்தது என்று ஹாரிஸ்மித் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். உங்களுக்கு அந்த ஆசை இருக்கிறது என்று தெரியும்.

நேற்று பூட்டுக்காரன் வந்து புதுக் கதவுக்குப் பூட்டு மாட்டினான். வேலை முடிந்ததும், "அம்மா, சாவி எத்தன போடட்டும்? பையனுக்கு ஒண்ணு, மருமகளுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு, மூணா?" என்று கேட்டான்.

இரண்டு போதும் என்றேன்.

கொம்பிசிலே